இரண்டு வருடமாக அதே 150: சின்னத் தயாரிப்பு வியாபாரம் எங்கே முட்டி நிற்கிறது?

தீட்டுக்கல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் செய்து விற்பது ஒரே ஒரு பொருள். மரவேலை செய்பவர்கள் உளியையும் இழைப்புளி அலகையும் கல்லில் தீட்டும்போது, சாய்வு மாறாமல் பிடித்துக்கொள்ளும் தாங்கி. அடியில் ஒரு பித்தளை உருளை, மேலே இரண்டு தாடை, பக்கத்தில் ஒரு திருகு. 25 டிகிரியோ 30 டிகிரியோ வைத்து இறுக்கிவிட்டால், கை பழகாதவருக்கும் கூர் நேராக வரும். ஐந்து வருடத்துக்கு முன் எனக்காகத்தான் செய்துகொண்டேன். பார்த்தவர்கள் கேட்டார்கள். அப்படியே தொழிலாகிவிட்டது.

முதல் வருடம் மாதம் 20 போனது. இரண்டாம் வருடம் 60. மூன்றாம் வருடக் கடைசியில் 140. அதற்கப்புறம் இரண்டு வருடமாக நகரவே இல்லை. மாதக் கடைசியில் கணக்கைத் திறந்தால் 148, 152, 149. யாரோ மேலே உட்கார்ந்து கையால் அழுத்திப் பிடித்திருப்பது போல இருக்கிறது.

சும்மா இருக்கவில்லை. விளம்பரச் செலவை இரண்டு மடங்காக்கிப் பார்த்தேன். படங்களை மாற்றினேன். ஒரு வாரம் 10% தள்ளுபடி கொடுத்தேன். அந்த வாரம் கூடியது, அடுத்த மூன்று வாரம் அதே அளவுக்குக் குறைந்தது. செய்முறை வீடியோ போட்டேன், பார்த்தவர்கள் பாராட்டினார்கள், அவ்வளவுதான்.

இனி என்ன செய்வது? இரண்டாவது பொருளா, மொத்த விற்பனையா, இல்லை இந்தப் பொருளுக்கு உலகத்தில் இவ்வளவுதான் ஆள் இருக்கிறார்களா?

சந்தேகப்பிராணி

150 என்பது கெட்ட எண்ணா? வீடு ஓடுகிறதா? ஓடுகிறது என்றால் வளர்ந்தே ஆகவேண்டும் என்று யார் சொன்னது?

தீட்டுக்கல்

நியாயமான கேள்வி. ஓடுகிறது. ஆனால் பித்தளை, அனுப்புகூலி, அட்டைப்பெட்டி என்று எல்லாமே வருடாவருடம் ஏறுகின்றன. அதே 150-ஐ விற்றால் கையில் நிற்பது போன வருடத்தைவிடக் குறைவு. இரண்டு வருடமாக அதைத்தான் பார்க்கிறேன்.

மைக்குடுவை

இரண்டாவது பொருள் என்று எல்லாரும் சொல்வார்கள். சொல்வதற்கு முன் என் கதையைக் கேளுங்கள்.

நான் பேனா மை செய்கிறேன். 6 நிறத்தில் நின்றபோது எனக்கும் இதே வியாதி. நிறத்தைக் கூட்டு என்றார்கள், கூட்டினேன். 6 பன்னிரண்டாகி, இருபதாகி, 41-ல் வந்து நின்றது. விற்பனை கூடியது, பொய் சொல்லவில்லை. ஆனால் கூடியது கால்பங்கு. அலமாரி ஏழு மடங்கு. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சாயம், தனி லேபிள், தனி அட்டை. மாதம் மூன்று புட்டி போகிற ஒரு பச்சைக்காக ஒரு லிட்டர் கலக்கி வைத்து, மிச்சத்தில் பூஞ்சை பிடித்து மொத்தத்தையும் கொட்டியிருக்கிறேன். கொட்டும்போது எவ்வளவு பணம் என்று மனதில் கணக்கு ஓடும் பாருங்கள், அது வேறு மாதிரி வலி.

இப்போது 14 நிறம். லாபம் 41 இருந்தபோது வந்ததைவிட அதிகம். லெகோ மாதிரிப் பெரிய நிறுவனமே 2003, 2004-ல் பெரும் நட்டத்தில் மாட்டிக்கொண்டபோது, மீண்டு வரச் செய்த வேலைகளில் ஒன்று, பெருகிக் கிடந்த துண்டு வகைகளை வெட்டிக் குறைத்தது. நாமெல்லாம் எம்மாத்திரம்.

நூல்கண்டு

என் தொழில் வேறு. எம்பிராய்டரி இயந்திரங்களுக்கான டிசைன் மென்பொருள், மாதச் சந்தா. ஆனால் 'அழுத்திப் பிடித்த கை' எனக்கும் இருந்தது. அது என்ன என்று எனக்குப் புரிந்த விதத்தைச் சொல்கிறேன்.

மாதம் 30 பேர் புதிதாகச் சேர்வார்கள். இருப்பவர்களில் 5% விலகுவார்கள். 100 பேர் இருந்தபோது 5 பேர்தான் போனார்கள், ஆகவே ஜோராக வளர்வது போல் தெரிந்தது. 500 பேர் ஆனபோது மாதம் 25 பேர் போனார்கள். 600-ஐத் தொட்டால் 30 பேர் வருவார்கள், 30 பேர் போவார்கள். அதற்குமேல் நகர வழியே இல்லை. தொடங்கிய நாளிலேயே அந்த 600 எழுதியாகிவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை.

இதற்கு ஒரு விதியே இருக்கிறது. வரிசைகளைப் பற்றிய கணிதத்தில் 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்தது: உள்ளே சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள் என்பது, வருகிற வேகத்தை ஒருவர் தங்குகிற காலத்தால் பெருக்கினால் கிடைக்கும். 5% விலகல் என்றால் ஒருவர் சராசரியாக 20 மாதம் தங்குகிறார். 30 பெருக்கல் 20, அதே 600. விலகலை 4%-க்குக் கொண்டுவந்தால் 25 மாதம், 750 பேர். விளம்பரத்துக்கு ஒரு காசு கூடுதலாகப் போடாமல்.

நான் செய்தது அதைத்தான். போனவர்களில் நிறையப் பேர் முதல் இரண்டு வாரத்திலேயே போயிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒவ்வொரு கோப்பு வடிவம். தவறான வடிவத்தை இறக்கி, பென்டிரைவில் போட்டு, இயந்திரத்தில் செருகினால் திரையில் ஒன்றுமே தெரியாது. 'வேலை செய்யவில்லை' என்று போய்விட்டார்கள். சேரும்போதே 'உங்கள் இயந்திரம் எது?' என்று ஒரு கேள்வி வைத்தேன். அந்த ஒரு கேள்விதான்.

தீட்டுக்கல்

அருமை. ஆனால் என்னிடம் யாரும் விலகுவதில்லை, யாரும் திரும்பி வருவதும் இல்லை. அந்தப் பித்தளை உருளை பத்து வருடம் தேயாது. ஒவ்வொரு மாதமும் 150 புது ஆளைப் பிடித்தாக வேண்டும்.

புதுக்கை

அப்படியென்றால் ரேசர்-பிளேடு வழி இருக்கிறதே! தாங்கியை அடக்க விலைக்குக் கொடுங்கள், தீட்டுக்கல்லில் சம்பாதியுங்கள். ஜில்லெட் அப்படித்தானே வளர்ந்தது?

கணக்குநோட்டு

புதுக்கை, அந்தக் கதை பாதிதான் உண்மை. ஜில்லெட்டின் முதல் ரேசர் 5 டாலர், அந்தக் காலத்துக்குப் பெரிய பணம். காப்புரிமை இருந்த வரை அவர்கள் ரேசரைத் தூக்கிக் கொடுக்கவில்லை. 1921-ல் காப்புரிமை முடிந்தபிறகுதான் மலிவு ரேசர் வந்தது. அந்த வழி ஓடவேண்டும் என்றால் உங்கள் பிளேடு மட்டும்தான் உங்கள் ரேசரில் பொருந்தவேண்டும். தீட்டுக்கல்லை யாரிடமும் வாங்கலாம். தாங்கியை அடக்க விலைக்குக் கொடுத்தால் இன்னொருவரின் கல் வியாபாரத்துக்கு இவர் தொண்டு செய்ததாகிவிடும்.

தீட்டுக்கல், எனக்கு மூன்று எண் வேண்டும். ஒன்று, இரண்டு வருடத்துக்கு முன் மாதம் எத்தனை பேர் உங்கள் பக்கத்துக்கு வந்தார்கள், இப்போது எத்தனை. இரண்டு, ஆர்டர் வந்து பொட்டலம் வெளியே போக எத்தனை நாள், அப்போதும் இப்போதும். மூன்று, ஒரு தாங்கி செய்ய எத்தனை நிமிடம்.

மூன்றாவதை ஞாபகத்திலிருந்து சொல்லவேண்டாம். கடிகாரத்தை எதிரில் வைத்துச் செய்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

தீட்டுக்கல் — 2 நாள் கழித்து

பத்துத் தாங்கிக்குக் கடிகாரம் வைத்தேன். சராசரி 58 நிமிடம். நான் 'அரை மணி நேர வேலை' என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதில் 31 நிமிடம் தாடைக்கு மட்டும் போகிறது. பட்டறையிலிருந்து வரும் தாடைகள் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதில்லை. இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பேன். நடுவில் மயிரிழை வெளிச்சம் கசிந்தால் அரம் போடுவேன். திரும்பப் பிடிப்பேன், திரும்ப அரம். வெளிச்சம் அடைபடும் வரை விடமாட்டேன்.

150 தாங்கி என்றால் 145 மணி நேரம். அதன்மேல் பொட்டலம், மெயில், கணக்கு. மாதத்தில் எனக்கு இருப்பதே அவ்வளவுதான்.

பக்கத்துக்கு வருபவர்கள் இரண்டு வருடத்தில் ஏறத்தாழ 70% கூடியிருக்கிறார்கள். பொட்டலம் போக அப்போது 2 நாள், இப்போது 11 நாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாக இருக்கிறது. காத்திருப்பு 12 நாளைத் தாண்டினால் நானே விளம்பரத்தை நிறுத்திவிடுவேன், மூச்சு விட்டுக்கொள்ள. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். இரண்டு வருடத்தில் ஐந்து முறை நிறுத்தியிருக்கிறேன். அந்த மாதங்களுக்குப் பக்கத்தில் நானே 'சீசன் மந்தம்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

கணக்குநோட்டு

அழுத்திப் பிடித்திருந்த கை யாருடையது என்று தெரிந்துவிட்டதே.

இதை நிறையப் பார்த்திருக்கிறேன். தனி ஆளாக நடத்தும் தொழிலில் செய்யும் திறன் முட்டினால், அது 'செய்ய முடியவில்லை' என்று நேராக முகத்தில் தெரியாது. காத்திருப்பு நாள் கூடும், வாங்க வந்தவர் பதினொரு நாளைப் பார்த்துவிட்டு மெதுவாகப் பக்கத்தை மூடிவிடுவார். நமக்குத் தெரிவது விற்பனை நிற்பது மட்டும். உடனே விளம்பரத்தைக் கூட்டுவோம். கூட்டினால் காத்திருப்பு இன்னும் நீளும், இன்னும் நான்கு பேர் போவார்கள்.

கை நிறைய வேலை இருக்கும்போது முதலில் தொடவேண்டியது விலை. கணக்கு இதுதான்: 100-க்கு விற்கும் பொருளில் பொருட்செலவெல்லாம் போக 40 நிற்கிறது என்று வையுங்கள். விலையை 10 ஏற்றினால் 50 நிற்கும். அப்போது 100 பேரில் 80 பேர் மட்டும் வாங்கினாலும் பழைய லாபம் அப்படியே இருக்கும். அதே 10-ஐத் தள்ளுபடியாகக் கொடுத்தால் 30தான் நிற்கும், பழைய லாபத்துக்கு 133 பேர் வேண்டும். நீங்கள் கொடுத்த அந்த ஒரு வாரத் தள்ளுபடி, ஏற்கெனவே கை ஒழியாதவர் குறைந்த கூலிக்கு இன்னும் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்ட கதை.

சந்தேகப்பிராணி

150-ஐ 120 ஆக்கிவிட்டு அதற்கு வளர்ச்சி என்று பெயரா? இந்தத் தாங்கிக்கு மலிவு நகல்கள் வேறு இருக்கின்றன. விலையை ஏற்றினால் அவர்கள் வீட்டில்தான் விளக்கெரியும்.

கணக்குநோட்டு

30 தாங்கி குறைந்தால் 29 மணி நேரம் கைக்கு வருகிறது, லாபம் குறையாமல். அந்த 29 மணி நேரம் இல்லாமல் அவர் அந்த 31 நிமிடத்தைச் சரிசெய்யவே உட்கார முடியாது. விலையேற்றம் இங்கே முடிவு இல்லை, நேரம் வாங்குவதற்கான வழி. நகலைப் பற்றி: நகல் வாங்குபவர் இப்போதும் நகலைத்தான் வாங்குகிறார். இவரிடம் பதினொரு நாள் காத்திருந்து வாங்குபவர் விலைக்காக வரவில்லை.

ஆனால் ஒன்று, நிரந்தரமாக விலையேற்றத்தையே நம்பி உட்கார்ந்தால் சந்தேகப்பிராணி சொல்வதுதான் நடக்கும். அதில் எனக்கு மறுப்பில்லை.

ஊசிநூல்

மொத்த விற்பனை பற்றி யாரும் சொல்லவில்லை. நான் தோல் வேலைக்கான ஊசி, மெழுகு நூல் விற்கிறேன். ஒரு பெரிய கடைத்தொடர் வந்து கேட்டபோது லாட்டரி விழுந்தது போல் இருந்தது. சில்லறை விலையில் பாதிக்குக் கேட்டார்கள், பணம் 90 நாள் கழித்து. ஒப்புக்கொண்டேன். இரண்டு வருடத்தில் என் விற்பனையில் 45% அவர்கள் மட்டும். அப்புறம் அங்கே கொள்முதல் பார்ப்பவர் மாறினார். புதியவர் என் மெயிலுக்குப் பதில்கூடப் போடவில்லை. அவர்களுக்காக முன்கூட்டி வாங்கிய நூல் இன்னும் என் கட்டிலுக்கடியில் இருக்கிறது.

வேண்டாம் என்று சொல்லவில்லை. பாதி விலைக்கு விற்றும் லாபம் நிற்கும் அளவுக்கு அடக்கம் இறங்கிய பிறகு போங்கள். 58 நிமிடத்தில் செய்கிற பொருளைப் பாதி விலைக்குக் கொடுத்தால் கூலிகூடத் தேறாது. அதுவரை, உங்கள் பழைய ஆர்டர்களில் ஒரே ஆள் நான்கு, ஐந்து என்று வாங்கியது இருக்கிறதா பாருங்கள். அவர்கள் பெரும்பாலும் மரவேலை சொல்லிக்கொடுப்பவர்களாக இருப்பார்கள். சொந்தப் பெயரில் வாங்குவதால் நம் கண்ணில் படுவதில்லை.

இழைப்புளி

நான் வியாபாரி இல்லை, தச்சன். இந்த மாதிரித் தாங்கி ஒன்று என்னிடமும் இருக்கிறது, யார் செய்ததோ. வாங்குகிறவன் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம்.

தாங்கி வாங்கியவர் தாங்கியைத் திட்டுவார். பாதி நேரம் தப்பு கல்லில் இருக்கும். நீர்க்கல்லில் நடுவிலேயே தேய்த்துக்கொண்டிருந்தால் நடு குழிந்துவிடும். குழிந்த கல்லில் எப்பேர்ப்பட்ட தாங்கியும் நேர்க்கூர் தராது, அலகின் முனை வில் மாதிரி வளைந்து வரும். கல்லைச் சமப்படுத்தத் தெரியாதவருக்கு அது தாங்கியின் கோளாறாகத்தான் படும்.

அப்புறம் சாய்வு. அலகு தாங்கிக்கு முன்னால் எவ்வளவு நீட்டியிருக்கிறது என்பதுதான் சாய்வைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு முறையும் அளவுகோலை எடுத்து மில்லிமீட்டர் பார்க்கிறேன். கண்ணாடி போடாமல் அந்தக் கோடு தெரிவதில்லை. ஒரு கட்டையில் 25-க்கு ஒரு படி, 30-க்கு ஒரு படி வெட்டிக் கொடுத்தால், அலகை முட்டவைத்து இறுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். நானே ஒன்று வெட்டிக்கொள்ளலாம். மூன்று வருடமாக வெட்டவில்லை.

தீட்டுக்கல்

இழைப்புளி, நேற்று இரவு பழைய மெயில்களை எடுத்துப் பார்த்தேன். 'கூர் கோணலாக வருகிறது' என்று 90-க்கு மேல். ஒவ்வொருவருக்கும் மன்னிப்புக் கேட்டு வேறு தாடை அனுப்பியிருக்கிறேன். கல்லைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னது நான்கு பேரிடம்தான். நான்கு கல்லும் குழி.

ஐந்து வருடமாக அரம் போட்டதில் எவ்வளவு தேவைக்கு, எவ்வளவு இந்தப் பயத்துக்கு என்று இப்போது யோசிக்கிறேன்.

மைக்குடுவை

அந்தப் படி வெட்டிய கட்டையை மட்டும் செய்யுங்கள். கல், தோல்பட்டை, பாலிஷ் என்று கடை விரிக்காதீர்கள். என் அலமாரி ஞாபகம் இருக்கட்டும்.

தீட்டுக்கல் — 5 மாதம் கழித்து

இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

விலையை 12% ஏற்றினேன். எனக்கு 100-க்கு 45 நிற்கும், ஆகவே 118 வரை இறங்கினாலும் நட்டமில்லை என்று கணக்குநோட்டின் முறையில் போட்டுப் பார்த்துக்கொண்டேன். ஆனாலும் ஏற்றிய அன்று தூக்கமில்லை. முதல் மாதம் 128. மூன்றாம் மாதம் 141. விலையைப் பற்றி மொத்தம் இரண்டே மெயில், அதில் ஒன்று 'இப்போதாவது ஏற்றினீர்களே' என்று.

கிடைத்த நேரத்தில் தாடையைப் பிடித்தேன். பட்டறைக்காரரிடம் போய் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அவர் இடத்தாடைகளை ஒரு நாளும் வலத்தாடைகளை இன்னொரு நாளும் தனித்தனியாக அரைக்கிறார். எப்படி இணையாக வரும்? இரண்டையும் ஒன்றாக இறுக்கி ஒரே தடவையில் அரைக்க ஒரு பிடிமானம் செய்து கொடுத்தேன். ஜோடியாக அரைத்தால் கோணல் வந்தாலும் இரண்டிலும் ஒரே கோணலாக வரும், சேர்த்தால் அடைபட்டுவிடும்.

முதல் தவணை 300 ஜோடி வந்தது. பெட்டியைத் திறந்தால் 600 தாடையும் ஒன்றாகக் குவிந்து கிடக்கிறது. எது எதனுடைய ஜோடி என்று யாருக்குத் தெரியும்? ஜோடி ஜோடியாகச் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே மூன்று நாள் போயிற்று. 40 ஜோடி தேறவே இல்லை. அந்த வாரம் இந்த இழையை எழுதியதற்கே வருந்தினேன்.

இரண்டாம் தவணையிலிருந்து எண் போட்டுக் கம்பியால் கட்டி வருகிறது. தாடை வேலை 31 நிமிடத்திலிருந்து 6 நிமிடம். மொத்தம் 33. பொட்டலம் 3 நாளில் போகிறது. விளம்பரத்தை நிறுத்தவில்லை, கூட்டவும் இல்லை.

படி வெட்டிய கட்டையை முதலில் மரத்தில் செய்தேன். ஈரக்காற்றில் உப்பி அளவு மாறுகிறது என்று இரண்டு பேர் திருப்பி அனுப்பினார்கள், இப்போது அலுமினியம். போன மாதம் தாங்கி 187, படி வெட்டிய கட்டை 61. அந்த 61-ல் 38 பழைய வாடிக்கையாளர்கள். ஐந்து வருடத்தில் முதல்முறையாக ஒருவர் என்னிடம் இரண்டாவது தடவை எதையாவது வாங்குகிறார்.

ஊசிநூல் சொன்னபடி தேடியதில், நான்குக்குமேல் வாங்கிய 17 பேர் கிடைத்தார்கள். 11 பேர் சொல்லிக்கொடுப்பவர்கள்தான். இன்னும் ஒன்றும் செய்யவில்லை, பேசிக்கொண்டிருக்கிறேன்.

சந்தேகப்பிராணி

187-ம் நின்றுவிடும், தெரியுமல்லவா?

தீட்டுக்கல்

தெரியும். 33 நிமிடத்துக்கு 260-ஐ ஒட்டி நானே மறுபடி முட்டுவேன். இந்தத் தடவை காத்திருப்பு நாளை ஒவ்வொரு திங்கட்கிழமையும் சுவரில் எழுதி வைக்கிறேன்.

புதுக்கை

ஒரு சின்னக் கேள்வி. ஜோடி எண்ணை எப்படிப் போடுகிறார்கள்? எனக்கும் இதே ஜோடிக் குழப்பம், வேறு பொருளில்.

தீட்டுக்கல்

முதலில் மார்க்கரில் எழுதினார்கள், எண்ணெய் பட்டதும் அழிந்துவிட்டது. இப்போது எண் அச்சை வைத்துச் சுத்தியால் தட்டுகிறார்கள், இரண்டு தாடையிலும், உள்பக்கம். அரைப்பதற்கு முன்னால் தட்டச் சொல்லுங்கள். பின்னால் தட்டினால் அந்த இடம் மேலே எழும்பி, அதற்கு ஒரு அரம் போடவேண்டி வரும்.